காற்றில் ஊசி கோர்த்தவர்

காலை எட்டரை மணிக்குக் கடையின் இரும்புக் கதவு மேலே ஏறும். எட்டு முப்பத்தைந்துக்கு மாஸ்டர் பின்பக்கம் இருக்கும் கழிப்பறைக்குப் போவார். எட்டு நாற்பதுக்குத் திரும்பி வரும்போது அவருடைய கை நடுக்கம் நின்றிருக்கும். பள்ளிச் சீருடை தைக்கும் அந்தக் கடையில் பதினான்கு மெஷின்கள். பதினான்கு மெஷின்காரர்களுக்கும் இந்த ஐந்து நிமிட ரகசியம் தெரியும். முதலாளியம்மாவுக்கு மட்டும் தெரியாது. தெரியாமல் இருப்பது அவருக்கும் வசதியாகத்தான் இருந்தது, ஏனென்றால் மாஸ்டரைப் போல் வெட்டுகிறவர் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் இல்லை.

மாஸ்டர் என்றால் கட்டிங் மாஸ்டர். நீள மேஜையில் துணியை நாற்பது அடுக்காக விரித்து, மேல் அடுக்கில் சாக்கட்டியால் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் வெட்டும் மெஷினை ஓட்டுவது அவர் வேலை. கோடு அரை அங்குலம் பிசகினால் ஒரு சட்டை கெடாது, நாற்பது சட்டை கெடும். இருபத்திரண்டு வருடமாக அவர் பிசகியதில்லை. அதில் கடைசி பத்து வருடம் அந்தக் கழிப்பறை ஐந்து நிமிடத்தின் தயவில் ஓடியது.

அந்த வியாழக்கிழமை அவருக்கு நேரம் சரியில்லை. பெரிய பள்ளி ஒன்றின் ஆர்டர் அவசரமாக வந்திருந்தது. முதலாளியம்மா எட்டரைக்கே மேஜை அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "மாஸ்டர், முதல்ல சட்டைக்கை வெட்டி முடிங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றார். பாத்ரூம் போக வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார் மாஸ்டர். "சின்னப் பிள்ளையா நீங்க? அஞ்சு நிமிஷம் அடக்குங்க" என்று சிரித்தார் அந்த அம்மா.

மாஸ்டர் மெஷினைப் பிடித்தார். விரல்கள் ஆட ஆரம்பித்தன, பிறகு மணிக்கட்டு ஆடியது. நெற்றி வியர்வை துணியில் சொட்டியது. மெஷின் கோட்டை விட்டு விலகி, சட்டைக்கையின் நடுவில் ஒரு கோணல் வெட்டு வெட்டிவிட்டு நின்றது. நாற்பது அடுக்கும் பாழ்.

"குடிச்சுட்டு வந்து என் துணியில கை வைக்கறீங்களா?" என்று முதலாளியம்மா கத்தியதில் பதினான்கு மெஷின்களும் நின்றுபோயின.

பாவம், அன்று காலை அந்த மனிதர் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. குடிக்காததால்தான் கை ஆடியது. இதை எந்த வாயால் சொல்வது? தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"பத்து நாள் வீட்டுல இருங்க" என்றார் அந்த அம்மா, கொஞ்சம் தணிந்து. "அந்த எழவை விட்டுட்டு வாங்க. கை நடுங்காம வந்தா இந்த மேஜை உங்களோடது. நடுங்கிச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன். அவ்வளவுதான்."

வீட்டுக்குப் போன மாஸ்டர் அன்று முழுவதும் குடித்தார். சாயங்காலம் மனைவியின் முன் உட்கார்ந்து அழுதார். குடிகாரர் அழுவது அந்த வீட்டுக்குப் புதிதில்லை. ஆனால் இந்த அழுகையில் ஒரு வித்தியாசம் இருந்தது. "இன்னிக்கோட சரி. நாளைக்குக் காலைலேர்ந்து நான் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மீதி இருந்த பாட்டிலைத் தன் கையாலேயே தொட்டியில் கவிழ்த்தார். பத்து வருடத்தில் அப்படி ஒரு காட்சியை அவள் பார்த்ததே இல்லை. உடனே தன் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

அண்ணன் பார்சல் ஆபீஸில் மேற்பார்வையாளர். முப்பது சுமையாளர்களை ஒரு முறைப்பிலேயே வேலை வாங்குகிறவர். தங்கை குடும்பத்துக்கு எது நடந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பார், வந்த வேகத்தில் உத்தரவும் போடுவார். அன்றும் அரை மணி நேரத்தில் வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

"ரொம்ப நல்லது. ஆனா இது வாயால சொல்ற காரியம் இல்ல. பின்னறையில வெச்சுப் பூட்டணும். ஒரு வாரம். வெறும் தண்ணி, சாப்பாடு, அவ்வளவுதான்" என்றார்.

"ஒரு டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் செய்யலாமா அண்ணா?" என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் கேட்டாள் என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். பின்னால் அவள் தன்னைத் திட்டிக்கொண்டதெல்லாம், கேட்டதோடு நின்றுவிட்டோமே என்பதற்காகத்தான்.

"டாக்டரா? சீட்டுல என்ன எழுதுவாங்க தெரியுமா? குடிகாரன்னு எழுதுவாங்க. அது நாலு பேர் கண்ணுல படும். வயசுக்கு வந்த பொண்ணை வெச்சிருக்கே, ஞாபகம் இருக்கட்டும்."

மாஸ்டரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். "மச்சான் சொல்றதுதான் சரி. மாத்திரை போட்டு நிறுத்தினா அது நிறுத்தினதா? மனசுல உறுதி இருந்தா போதும்." பிறகு மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். "நீ எனக்கு ஒரு சத்தியம் பண்ணு. நான் கெஞ்சுவேன், அழுவேன், செத்துடுவேன்னு சொல்லுவேன். எது சொன்னாலும் நம்பாதே. கதவைத் திறக்காதே. நம்ம பொண்ணு மேல சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் செய்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மகளை அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். பின்னறையிலிருந்து தையல் மெஷினையும் கத்திரிகளையும் வெளியே எடுத்தார்கள். ஒரு கட்டில், ஒரு குடம் தண்ணீர், ஒரு வாளி. அடுத்தடுத்த வீடுகளின் பொது நடைபாதைப் பக்கம் கம்பி போட்ட ஜன்னல். அக்கம்பக்கத்தாரிடம் மஞ்சள்காமாலை என்று சொல்லி வைத்தார்கள். ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் அல்லவா! இப்படியெல்லாம் நுணுக்கமாக யோசிக்கிற நம் மூளை, உயிர் விஷயத்தில் மட்டும் எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை.

முதல் நாள் மத்தியானத்துக்குள் நடுக்கம் கைகளிலிருந்து தாடைக்கு ஏறிவிட்டது. டீ கொடுத்தால் டம்ளர் பல்லில் இடித்தது. சட்டை நனைந்து, மாற்றிய சட்டையும் நனைந்தது. தின்றதெல்லாம் வாளிக்குப் போயிற்று. "ஒரே ஒரு மூடி. மருந்து மாதிரி. அப்புறம் கேக்கவே மாட்டேன்" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். ஆனாலும் ஒரு பக்கம் சந்தோஷம், பத்து வருடத்து விஷம் வெளியேறுகிறது என்று நினைத்தாள்.

அண்ணன் இரண்டு வேளையும் வந்து பார்த்தார். "கெட்டது வெளியே போகும்போது அப்படித்தான் இருக்கும். நீ உருகாதே. நீ உருகினா எல்லாம் பாழ்" என்றார்.

இரண்டாம் நாள் மாஸ்டருக்குத் தூக்கம் என்பதே இல்லை. பாத்திரம் விழுகிற சத்தத்துக்கெல்லாம் தூக்கி வாரிப்போட்டது. யாரோ மாடியில் மெஷின் ஓட்டுகிறார்கள், நிறுத்தச் சொல் என்றார். அவர்கள் வீட்டுக்கு மேலே மாடியே கிடையாது. அவர்கள் இருந்ததுதான் மேல்தளம். சாயங்காலம் நாலு மணி இருக்கும். அறைக்குள் தொப்பென்று ஒரு சத்தம். பிறகு கட்டில் கால் தரையில் தடதடவென்று அடிக்கிற சத்தம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அப்புறம் எதுவும் இல்லை.

அவள் கதவருகில் ஓடினாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். "செத்துடுவேன்னு சொல்லுவேன், நம்பாதே" என்று அவர் சொன்னது காதில் கேட்டது. மகளின் முகம் கண்ணில் வந்தது. ஜன்னல் வழியே பார்த்தபோது அவர் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார், மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"கோபத்துல கட்டிலை உதைச்சுட்டுத் தூங்கறான். தூங்கட்டும் விடு" என்றார் அண்ணன்.

அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கு அண்ணன் வந்தார். அவர் வந்த கொஞ்ச நேரத்தில் முதலாளியம்மாவும் வந்தார். கடை விடுமுறை. ஆர்டர் கழுத்தை நெரித்தது. மாஸ்டர் எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவருக்கு எண்ணம்.

மூவரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள். மாஸ்டர் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டில் அருகில் நின்றிருந்தார். கெஞ்சல் இல்லை, கூச்சல் இல்லை. இடது கையால் கட்டில் விரிப்பை நீவிச் சுருக்கம் எடுத்தார். வலது கை மட்டும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, முழங்கைக்குக் கீழே மட்டும் அசைந்தது. விரலால் விரிப்பின் மேல் கோடு போட்டார். இரண்டு விரலைக் கத்திரி போல் விரித்து விரித்து மூடினார். பிறகு எதையோ கண்ணுக்கு நேராகத் தூக்கி, நுனியை எச்சில் தொட்டு, ஊசியில் நூல் கோர்ப்பது போல் காற்றில் கோர்த்தார். கோர்த்த நூலை நீளமாக இழுத்து, பல்லால் கடித்து, முடிச்சுப் போட்டார்.

"அட, பாருங்களேன்!" என்று முதலாளியம்மா வாய் நிறையச் சிரித்தார். "தொழில் மேல எவ்வளவு ஆசை! சும்மா இருக்க முடியலை மனுஷனுக்கு."

"உள்ளே வெச்சுப் பூட்டி மூணே நாள்மா" என்றார் அண்ணன் பெருமை பொங்க. "கண்டிப்பா இருந்தா எவனும் திருந்துவான். குடி இறங்கிடுச்சு, தொழில் ஏறிடுச்சு."

"இந்த வழி எனக்குத் தெரியாம போச்சே! புதன்கிழமையே கடைக்கு அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா படியிறங்கினார்.

இருபத்திரண்டு வருடம் வேலை வாங்கியவர் அவர். முப்பது ஆட்களை மேய்க்கிறவர் அண்ணன். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு மனிதரின் மூளை தடம் புரண்டு ஓடுவதை. அதைக் குணமாகிவிட்டதன் அடையாளம் என்று கைகுலுக்காத குறையாகக் கொண்டாடினார்கள். அவர்களைத் திட்டிப் பயன் இல்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், கேட்க வெட்கம்.

அவள் தட்டில் சாப்பாடு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அண்ணன் வாசலில் காவல் நின்றார். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. உதட்டோரம் காய்ந்த ரத்தம். நாக்கு கடிபட்டுத் தடித்திருந்தது. அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்.

"வாங்கம்மா. பையனுக்கா, பொண்ணுக்கா?"

அவளுக்குப் புரியவில்லை. "என்னங்க?"

"எந்த ஸ்கூல்னு சொன்னாத்தானே கலர் எடுக்க முடியும்? ரசீது இருக்கா? உங்க பேரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்." குழறிய நாக்கோடு கேட்டுக்கொண்டே அவள் தோளில் இல்லாத டேப்பை வைத்து அளந்தார். தொட்ட விரல் கொதித்தது. "சீக்கிரம் சொல்லுங்கம்மா. பாருங்க, துணி பூரா எறும்பு ஏறுது. தட்டத் தட்ட ஏறுது."

பதினெட்டு வருடம் குடித்தனம் நடத்திய மனைவியைப் பார்த்துப் பேர் என்ன என்று கேட்கிறார். தட்டு அவள் கையிலிருந்து விழுந்தது.

"அண்ணா, வண்டி கூப்பிடு! ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"என்ன பேசறே? இன்னும் நாலே நாள். சத்தியம் பண்ணியிருக்கே. இப்போ விட்டா..."

"என் புருஷனுக்கு என்னைத் தெரியலை!" அவள் போட்ட சத்தத்தில் நடைபாதைக் கதவுகள் எல்லாம் திறந்தன. "சத்தியமாவது மண்ணாவது! நீ கூப்பிடறியா, நான் தெருவுல இறங்கிக் கத்தட்டுமா?"

அதுவரை தங்கை தன்னிடம் குரலை உயர்த்தி அண்ணன் கேட்டதில்லை. வண்டி வந்தது. மூன்று பேர் பிடித்துத்தான் மாஸ்டரை ஏற்ற முடிந்தது. துணியைப் பாதியில் விட்டுவிட்டு எங்கே வருவது என்று வழி முழுக்கச் சண்டை போட்டார்.

அவசரப் பிரிவில் இருந்த பெண் டாக்டர் மாஸ்டரின் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், காற்றில் ஊசி கோர்க்கும் விரலைப் பார்த்தார். "எத்தனை நாள் ஆச்சு நிறுத்தி?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "அது வந்து, மஞ்சள்காமாலை..."

"மூணு நாள்!" என்றாள் அவள். "பத்து வருஷமா தினமும் குடிப்பார். காலைல குடிச்சாத்தான் கை நிக்கும். நிறுத்தி மூணு நாள் ஆச்சு. நேத்து சாயங்காலம் விழுந்து உடம்பெல்லாம் அடிச்சுக்கிட்டார். நாங்க கதவைத் திறக்கலை." பத்து வருடமாகப் பூசி மெழுகியதை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

அரை மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, கட்டில் கம்பியோடு துணியால் தளர்வாகக் கட்டியிருந்தார்கள்.

"நேத்து வந்தது வலிப்பு" என்றார் டாக்டர். "விழுந்ததுல வலது தோள் எலும்பு உடைஞ்சிருக்கு. உடைஞ்ச தோளோடதான் இந்நேரம் வரைக்கும் துணி வெட்டிக்கிட்டு இருந்திருக்கார். காய்ச்சல் நூத்தி நாலு. உயிருக்கு இப்போ நான் உத்தரவாதம் சொல்ல முடியாது. நாலு நாள் போகட்டும்."

"குடியைத்தானேம்மா நிறுத்தினார்" என்று அவள் விசும்பினாள். "நல்லதுதானே செஞ்சார்."

டாக்டர் அவளை உட்கார வைத்தார். "நல்லதுதான் செஞ்சார். செய்யற விதத்தை யாரும் சொல்லித் தரலை. குடி மூளையை அமுக்கி வைக்கும். மூளை அதை எதிர்த்துத் தள்ளிக்கிட்டே இருக்கும், வருஷக்கணக்கா. திடீர்னு ஒருநாள் அமுக்கறதை எடுத்துட்டா, தள்ளறது மட்டும் மிஞ்சுது. அப்போ நடுக்கம் வரும், வலிப்பு வரும், இல்லாதது கண்ணுல தெரியும். சில பேர் இவரை மாதிரி, செஞ்ச தொழிலையே காத்துல செய்வாங்க. குடிக்கற எல்லாருக்கும் இப்படி ஆகாது. யாருக்கு ஆகும்னு வீட்டுல உக்காந்து கண்டுபிடிக்கவும் முடியாது. வெள்ளிக்கிழமையே வந்திருந்தா மாத்திரை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமா அதைக் குறைச்சு, வலிப்பு வராம பாத்திருப்போம்."

பிறகு கையிலிருந்த தாளைப் புரட்டிக்கொண்டு கேட்டார். "குடும்பத்துல வேற யாருக்காவது இந்தப் பழக்கம் இருந்துச்சா? இவர் பக்கமோ, உங்க பக்கமோ?"

"எங்க அப்பா" என்றார் அண்ணன். "குடிச்சே செத்தார்."

"குடிச்சுக்கிட்டு இருக்கும்போதா, நிறுத்தின பிறகா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். சுமையாளர்களை முறைப்பிலேயே அடக்கும் அந்த மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் உள்ளே போனார்.

அடுத்த இரண்டு நாள் மாஸ்டர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல் கிடந்தார். மருந்து கொஞ்சம் இறங்கினால் இடது கை நூல் தேட ஆரம்பித்துவிடும். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வார்டு வாசல் பெஞ்சை விட்டு நகரவில்லை. பார்சல் ஆபீஸிலிருந்து போன் வந்தால் எடுக்கவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது அவராகவே பேசினார்.

"அப்பா செத்தப்போ உனக்கு ஏழு வயசு. உன்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டோம்."

"ம். குடி கொண்டுபோயிடுச்சுன்னு அம்மா சொன்னாங்க."

"நான்தான் சொல்லச் சொன்னேன்." அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டு பேசினார். "எனக்கு அப்போ பத்தொன்பது. இனிமே குடிக்க மாட்டேன்னு அவரே சொன்னார். நம்பலை நான். கட்டில்ல வெச்சுக் கயிறு போட்டுக் கட்டினேன். அவர் நடுங்கினார், கத்தினார். பாம்பு பாம்புன்னு கத்தினார். நாலாவது நாள் காலைல சத்தம் நின்னுடுச்சு. அப்பாடா, அடங்கிட்டார்னு நினைச்சேன். போய்த் தொட்டுப் பாத்தா ஜில்லுன்னு இருந்தார்."

அவள் தன் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவரைக் குடிதான் கொன்னதுன்னு முப்பது வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன். இன்னும் முன்னாடியே கட்டியிருந்தா பொழைச்சிருப்பார்னு நினைச்சுத்தான் உன் புருஷனைப் பூட்டினேன். அவர் நிறுத்திட்டாரேம்மா. நாலு நாள் நிறுத்திட்டுத்தான் செத்தார். சொன்ன சொல்லைக் காப்பாத்தின மனுஷனை நான்..." மேலே பேச முடியாமல் அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. வராந்தாவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் முகத்தைக்கூட மூடிக்கொள்ளவில்லை.

அவளுக்குக் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது. "தெரியாம செஞ்சே" என்றாள். "நானும் தெரியாமதான் செஞ்சேன். ஆனா அண்ணா, இனிமே நம்ம ரெண்டு பேரும் தெரியாதுன்னு சொல்ல முடியாது."

வியாழக்கிழமை காலை மாஸ்டர் கண் திறந்தார். "இது எந்த இடம்? நீ ஏன் இப்படி இளைச்சுட்டே?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்டார். அவள் அவர் நெஞ்சில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள். ஜன்னலில் கெஞ்சியது, மாடியில் மெஷின் சத்தம் கேட்டது வரைதான் அவருக்கு நினைவிருந்தது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. தோள் எலும்பு கூடுவதற்கு மூன்று மாதம் ஆகும், பழையபடி கை மேலே எழும்புமா என்பதை அதன்பிறகுதான் சொல்ல முடியும் என்றார் எலும்பு டாக்டர். மாஸ்டர் தன் வலது கையை, அது வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு முதலாளியம்மா பழப் பையோடு வந்தார். மாஸ்டர் வழுக்கி விழுந்து தோளை உடைத்துக்கொண்டதாக யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். மாஸ்டர் தூங்கிக்கொண்டிருந்ததால் அந்த அம்மா மெதுவாகப் பேசினார்.

"நல்ல நேரத்துல இப்படி ஆயிடுச்சே. பரவாயில்ல, கை சரியாகட்டும், மேஜை எங்கேயும் போகாது. குடியை விட்டாரே, அதுவே பெரிசு." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். நம்ம கடை இஸ்திரிக்காரர் இருக்காரே, அவரும் விடிஞ்சா தண்ணியிலதான் முழிப்பார். உங்க வழியை அவர் பெண்டாட்டிக்குச் சொல்லிக் கொடுத்தேன். புதன்கிழமை காலைல உள்ளே வெச்சுப் பூட்டிட்டா. இன்னிக்கு மூணாவது நாள்."

பெஞ்சிலிருந்து அண்ணன் எழுந்த வேகத்தில் பழப் பை கீழே சாய்ந்தது.

"வீடு எங்க?"

"எதுக்குங்க? நல்லாத்தான்..."

"வீடு எங்கன்னு கேக்கறேன்!"

முதலாளியம்மா திகைத்துப்போய்த் தெருவின் அடையாளத்தைச் சொன்னார். அண்ணன் வாசலை நோக்கி ஓடினார், பாதியில் நின்று திரும்பினார். வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "வழுக்கி விழலைம்மா இவர். நான் கொன்னிருப்பேன் இவரை. எங்க அப்பாவைக் கொன்ன மாதிரி. என் வழி வழியே இல்லை, யாருக்கும் சொல்லாதீங்க!"

"இஸ்திரிக்காரர் வீட்டுக்குப் போன் போடுங்க" என்றாள் மாஸ்டரின் மனைவி. முதலாளியம்மா எண்ணை அழுத்தினார். போன் அடித்தது. எடுத்ததும் அவள் அதைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, நான் கட்டிங் மாஸ்டர் வீட்டுல பேசறேன். உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

எதிர்முனையில் தளர்ந்துபோன ஒரு குரல். "ராத்திரி பூரா யார்கிட்டயோ பேசிக்கிட்டே இருந்தார்மா. உடம்பு நெருப்பா கொதிக்குது. திறக்கலாம்னு பாத்தேன். திறந்தா சாராயக் கடைக்கு ஓடிடுவாரோன்னு பயமா இருக்கு. மூணு நாள் பட்ட கஷ்டம் வீணாப் போயிடுமே."

"இப்பவே திறங்க. எங்க அண்ணன் வந்துக்கிட்டே இருக்கார், அவர் வர்ற வரைக்கும்கூட காத்திருக்காதீங்க. பக்கத்து வீட்டுல ஆளைக் கூப்பிடுங்க, வண்டியைக் கூப்பிடுங்க."

"ஆளைக் கூப்பிட்டா தெரிஞ்சுடுமேம்மா. ஊரே சிரிக்குமே."

மாஸ்டரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலில் அழுகை இல்லை.

"சிரிக்கட்டும் அக்கா. சிரிச்சா யாரும் சாக மாட்டாங்க. குடியை நிறுத்தறவனுக்கு வர்ற நடுக்கம் நடிப்பு இல்ல, பாவத்துக்குத் தண்டனையும் இல்ல. அது வியாதி. வலிப்பு வந்து உயிர் போற வியாதி. குடியை நிறுத்தணும், கண்டிப்பா நிறுத்தணும். ஆனா முதல் நாளே டாக்டர்கிட்ட போய், எத்தனை வருஷமா குடிக்கறார், எவ்வளவு குடிக்கறார்னு மறைக்காம சொல்லிட்டு நிறுத்தணும். நாங்க மானத்தைக் காப்பாத்தறேன்னு ஆளைத் தொலைக்கப் பாத்தோம். நீங்க கதவைத் திறங்க."